வயர் அறுந்தால் மெஷின் நிற்குமா?

சகோதரியே, மோட்டர் பூட்டிய தையல் மெஷினில் துணி சிக்கினால் என்ன செய்வீர்கள்? மிதியிலிருந்து காலை எடுப்பீர்கள்; ஊசி நின்றுவிடும்.

பலகை செதுக்கும் சீ.என்.சீ. மெஷின் ஒன்றை உங்கள் மகன் வீட்டிலேயே பூட்டியிருந்தால், அதற்கும் அப்படியொரு மிதி வேண்டும். கட்டளை கணினியிலிருந்து வருகிறது. பிள்ளையின் கையோ வெட்டும் அலகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவேதான் கைக்கடக்கமான ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிள்ளைகள் தாமே செய்துகொள்கிறார்கள். அதில் ஒரு சிறு சக்கரம், சுற்றுக்கு 100 'டிக்'. ஒரு டிக்குக்கு 0.01 மில்லிமீற்றர் என்று வைத்தால், முழுச் சுற்றுக்கும் அலகு 1 மில்லிமீற்றர்தான் நகரும். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான்.

அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், வயர் அறுந்தால் மெஷின் நிற்குமா, ஓடுமா?"

அழுத்தினால் மட்டும் மின் பாயும் சுவிச் என்றால், வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்தில் அழுத்தும்போது மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதும் மின் பாய்ந்து, அழுத்தினால் துண்டிக்கும் சுவிச் என்றால், வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும். அது கணினியை நம்பியிராமல், ரிலே மூலம் மோட்டரின் மின்சாரத்தையே வெட்ட வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி, கிண்ணியா, மூதூர் கரைகளில் உப்புக்காற்று செப்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைக்கும். இணைப்பு விட்டுப்போவது இங்கே புதினமல்ல.

ஆகவே மாதம் ஒருமுறை, அலகைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியின் வயரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நின்றால் நிம்மதி. நிற்காவிட்டால், திருத்தும்வரை அலகைப் பூட்ட விடாதீர்கள். பலகை போனால் வாங்கலாம்; விரல் போனால்?