ஆவடி டேங்க், ராயபுரம் பட்டன்

போன ஞாயிறு டேபிள்டாப் ஆட்டத்துல நான் தோத்தது டைஸால இல்ல, பசையால.

நான் செஞ்சது விஜயந்தா. 1965-ல ஆவடி தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிய வந்தது. இதுக்கு ரெடிமேட் கிட் என் கைக்குக் கிடைக்கல, அதனால முழுசா நானே. 1/72 அளவுல, 7.92 மீட்டர் உடல் 11 சென்டிமீட்டர் ஆயிடும். 105 மி.மீ. பீரங்கியோட துளை ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதனால ஊதுவத்திக் குச்சியே குழலாச்சு. பக்கத்துக்கு ஆறு ஜோடி சக்கரம். ராயபுரத்துல இருந்துக்கிட்டு பட்டனுக்குப் பஞ்சமா? 18 லைன் போலோ பட்டன், அதாவது 11.4 மி.மீ., 24 எடுத்தேன்.

தப்பு பண்ணது டரட்டுல. நூல் கோனை வெட்டி வளைச்சேன், வடிவம் அருமையா வந்தது. ஆனா ஆட்டத்து நடுவுல தானா கழண்டு விழுந்துச்சு. அடியில பார்த்தா முக்கோணத்துக்குள்ள 5: பாலிப்ரொப்பிலீன். மாடல் சிமென்ட் நிஜத்துல ஒட்டுறதில்ல; பாலிஸ்டைரீனைக் கரைச்சு, ரெண்டு துண்டையும் ஒண்ணா உருக்குது. பாலிப்ரொப்பிலீன் அதுல கரையாது. சூப்பர் க்ளூவும் அதோட வழுவழு மேற்பரப்புல பிடிக்காது.

தேட வேண்டியது முக்கோணத்துல 6. பழைய சிடி டப்பா அதேதான்! கத்தியால ரெண்டு மூணு தடவை கீறி, மேசை ஓரத்துல வச்சு மடக்கினா நேரா உடையும். அவசரப்பட்டா கண்ணாடி மாதிரி தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க.

புது டரட் இப்போ காயுது. இந்த ஞாயிறு மறுபடி இறக்குறேன்.