கல்லாவில் இருந்தவர்கள் எழுதிய கதைகள்



மணிமேகலைக் காப்பியத்தை எழுதியவர் யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, சீத்தலைச் சாத்தனார் என்று பதில் எழுதி நாம் எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அவர் பெயருக்கு முன்னால் 'மதுரைக் கூலவாணிகன்' என்று ஓர் அடைமொழி உண்டு. கூலம் என்றால் தானியம். இன்றைய பேச்சில் சொன்னால் தானிய மண்டிக்காரர். நம் மளிகைக்காரர்களுக்கு மூத்த அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருக்கிறார். அறுவை என்றால் துணி. அவர் நம் ஜவுளிக்காரர். உறையூர் இளம்பொன் வாணிகனார் என்பவர் பொன் வியாபாரி. ஆக, கடை வைத்தவன் எழுதுவது தமிழ்நாட்டில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். "நமக்கும் எழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்? காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி இறக்கும்வரை குனிந்த தலை நிமிர நேரமில்லை" என்று நம்மவர்கள் சொல்வது பிற்காலத்தில் வந்த பேச்சு.

இந்தப் பழைய வரிசை அற்றுப்போகவில்லை என்பதற்கு நம் காலத்திலேயே இரண்டு பேர் சாட்சி. இருவரும் குமரி மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் ஜவுளி, ஒருவர் மிளகாய் வற்றல்.

ஜவுளிக்காரரும் வற்றல்காரரும்

நாகர்கோவிலில் 'சுதர்சன்' ஜவுளிக்கடையை நடத்தியவர் சுந்தர ராமசாமி. 1931-இல் பிறந்தவர். அவருடைய முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 35. 2005-இல் காலமானார்.

மற்றவர் தோப்பில் முகமது மீரான். தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்து, திருநெல்வேலிப் பேட்டையில் குடியிருந்து மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் புத்தகமாயிற்று. அப்போது அவருக்கு வயது 44. அடுத்த ஒன்பது ஆண்டுகளில், 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இன் சாகித்ய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. 2019-இல் காலமானார்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். இவர்கள் பிறந்தபோது குமரிப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆகையால் இருவருமே பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழை எழுதப் படிக்கக் கற்றது பின்னால்தான். சுந்தர ராமசாமிக்கு அப்போது ஏறக்குறைய 18 வயது. பள்ளிக்கூடத்தில் தமிழே கற்காத இருவர் தமிழில் பெயர் பெற்ற நாவல்களைத் தந்திருக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் என்று கூசும் நம் போன்றவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கடை கற்றுக்கொடுத்தது

படிப்பு இல்லாத இடத்தில் இவர்களுக்கு எது துணையாக இருந்தது? கடைதான் துணையாக இருந்தது என்பது என் எண்ணம். கடைக்கு வருகிறவர்கள் எல்லா விதமான மனிதர்களும்தான். உள்ளவன், இல்லாதவன், கடன் சொல்பவன், கடனைத் தீர்க்க வருகிறவன், பொய் சொல்லத் தெரியாமல் பொய் சொல்பவன் என்று அத்தனை பேரும் நம் எதிரில் வந்து நிற்கிறார்கள். வற்றல் வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கி, விதையின் சத்தத்தை வைத்தே காய்ச்சல் போதுமா என்று சொல்லிவிடுவார். பனியன் வியாபாரி துணியை இரண்டு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்து, எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். இதே கவனத்தை மனிதர்மீது வைத்தால் அங்கே நாவல் தொடங்குகிறது.

மீரான் செய்தது அதுதான். தன் கடற்கரை மக்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதினார். அரபுச் சொல்லும் மலையாளச் சொல்லும் கலந்த பேச்சு அது. வெளியூர்க்காரருக்கு முதல் பத்துப் பக்கம் தடுக்கும். ஆனால் சரக்கில் கலப்படம் செய்யாத வியாபாரியைப் போல அந்தப் பேச்சில் அவர் கை வைக்கவில்லை. கொஞ்சம் பழகிவிட்டால் அந்தத் தெருவிலேயே நிற்பது போலிருக்கும்.

தன் பக்கத்தையும் தட்டில் வைத்தவர்

இவர்களை நம் சங்க இதழில் பேசுவதற்கு வேறொரு முக்கியக் காரணம் உண்டு. வியாபாரி எழுதினால் வியாபாரியைப் புகழ்ந்துதானே எழுதுவார் என்று நினைப்போம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை.

மீரானின் முதல் நாவலில் ஊரை ஆட்டி வைக்கும் பெரிய முதலாளி ஒருவர் வருகிறார். அவரை எதிர்த்து நிற்பவன் சாதாரணச் சுறாப்பீலி வியாபாரி. சுறா மீனின் துடுப்பை உலர்த்தி விற்கிற சிறு பிழைப்பு. ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை முதலாளி விரும்பவில்லை. பிள்ளைகள் படித்துவிட்டால் யார் கைகட்டி நிற்பார்கள்? பயப்படாமல் பேச ஒரு சிறு வியாபாரிக்குத்தான் நா எழுகிறது.

1991-இல் வந்த 'துறைமுகம்' நாவல் நமக்கு இன்னும் நெருக்கம். கடற்கரையில் இருப்பவர்கள் மீனைப் பதப்படுத்திக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே என்ன விலை போயிற்று என்று அக்கரை முதலாளி சொல்வதுதான் கணக்கு. விலை விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால் இங்கே ஒரு குடும்பம் விழுந்துவிடும். உண்மையிலேயே விலை விழுந்ததா என்று போய்ப் பார்க்க வழியில்லை. வியாபாரத்தில் மிகப் பெரிய மூலதனம் விலை தெரிந்திருப்பது. அது ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மறுபக்கம் இருப்பவன் கதி என்ன என்பதை ஒரு மொத்த வியாபாரி எழுதியிருக்கிறார் என்பதுதான் சிறப்பு. இன்று செல்போனில் விலை பார்க்கிறோம். ஆனாலும் வீட்டில் தையல் போடும் பெண்ணுக்கும், லாட் எடுத்துக் கிராமத்துச் சந்தையில் விற்கிறவருக்கும் நாம் சொல்வதுதான் இன்னமும் விலை. அதை நாம் மறக்கக் கூடாது.

சுந்தர ராமசாமியின் நாவலிலும் இரண்டு கடைக்காரர்களின் போட்டி வருகிறது. கடையில் தொடங்கிய பொறாமை நகராட்சித் தேர்தல் வரை போகிறது. கடைசியில் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் நடுவில் நின்ற புளியமரம் அழிகிறது. எதிர்க்கடைக்காரனை ஒழிப்பதாக நினைத்து இருவருக்கும் நிழல் தந்ததை ஒழித்துவிடுவது எந்தக் கடைவீதியிலும் நடக்கக்கூடியதுதான்.

முதலைத் தின்ற வீடு

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கச் சொன்னால் நான் 'சாய்வு நாற்காலி'யைச் சொல்வேன். பரம்பரைப் பெருமை உள்ள ஒரு பெரிய வீடு. அதன் கடைசித் தலைவர் முஸ்தபாக்கண்ணு. உழைப்பது குலத்துக்கு இழுக்கு என்று நாற்காலியில் சாய்ந்தபடியே காலத்தைக் கழிக்கிறார். வாய்க்கு ருசியாகச் சாப்பாடு வேண்டும், வீட்டுப் பெண்கள் அடங்கி நடக்க வேண்டும். அதற்காக வீட்டிலிருக்கும் பழம்பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. பாத்திரம் போகிறது, மரச்சாமான் போகிறது.

லாபத்தில் சாப்பிடுகிறவன் வியாபாரி, முதலில் சாப்பிடுகிறவன் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் இருக்க முடியும்? தாத்தா தொடங்கி, அப்பா வளர்த்து, பேரன் கையில் கரைந்த கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கரைதலைப் பேரேட்டில் பார்த்தால் வெறும் எண்களாகத் தெரியும். நாவலில் பார்த்தால் அந்த வீட்டுப் பெண்களின் கண்ணீர் தெரியும். கணக்கையும் கண்ணீரையும் சேர்த்துப் பார்க்கிறவன் அடுத்த முறை கல்லாவில் கை வைக்கும்போது கொஞ்சம் யோசிப்பான்.

நம் தெருவின் கதை

நம் கொங்குச் சீமைக்கும் இதில் பங்குண்டு. தாராபுரம் பக்கத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-இலேயே 'நாகம்மாள்' நாவலில் நம் பேச்சை அச்சேற்றிவிட்டார். திருப்பூரின் சாயக்கழிவைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் எழுதினார். இந்தப் பனியன் ஊரில் வளர்ந்த இளைஞர்களின் கதையை எம். கோபாலகிருஷ்ணன் 'மணல்கடிகை'யாக எழுதினார். ஆனால் காதர்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் தாமே எழுதிய நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை.

2023 ஜூனில் நம் காதர்பேட்டைப் பனியன் பஜாரில் தீப்பிடித்து ஏறக்குறைய 50 கடைகள் எரிந்தன. சரக்கு எவ்வளவு, பணம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கடை எரிந்தால் சரக்கு மட்டுமா எரிகிறது? எந்த ஊர் வியாபாரி எந்த மாதம் வருவார், யாருக்கு எத்தனை நாள் தவணை கொடுக்கலாம், செகண்ட்ஸ் பீஸை எப்படித் தரம் பிரிப்பது, கேரளத்துக்காரரிடம் எப்படிப் பேசுவது, வடக்கத்தியாரிடம் எப்படிப் பேசுவது என்று அந்தச் சுவர்களுக்குள் சேர்ந்திருந்த அனுபவத்துக்கு எந்தக் காப்பீட்டிலும் பணம் கிடையாது. தீ இல்லாமலும் அது போய்க்கொண்டிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல் சிவப்பு அட்டைப் பேரேடுகள் பல கடைகளில் பரணுக்குப் போய்விட்டன. அவற்றின் ஓரத்தில் பெரியவர்கள் கிறுக்கி வைத்த குறிப்புகளும் கூடவே போய்விட்டன.

ஆகவே வணிக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் நாவல் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வையுங்கள். ராத்திரி கணக்கு முடித்ததும் ஐந்து வரி எழுதுங்கள். அன்று வந்தவர் யார், என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று எழுதினால் போதும். அலங்காரம் வேண்டாம். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் பேரப் பிள்ளைகள் எழுதட்டும். பிள்ளைக்கும் தொழில் புரியும். உங்களுக்கு நியாயம் தோன்றுகிற இடத்தில் மட்டுமல்லாமல், எதிரில் நின்றவர் பக்கம் நியாயம் இருந்த இடத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். தராசுக்கு இரண்டு தட்டு உண்டு என்பதை நம்மைவிட யார் அறிவார்?

கூலவாணிகனும் அறுவை வாணிகனும் தொடங்கிய வரிசையில் இடம் இன்னும் இருக்கிறது. நாற்பத்து நாலு வயதில் வற்றல் வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அறுபது வயதானாலும் நமக்கும் நேரம் கடந்துவிடவில்லை.