உரியும் பாறை, ஊறும் சுனை: மதுரையைச் சுற்றியுள்ள குன்றுவழிகள்

மதுரை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர் உயரத்தில், வைகைச் சமவெளியில் அமைந்திருக்கிறது. அந்தச் சமவெளியில் நகரின் எல்லாப் பக்கமும் பாறைக் குன்றுகள் நிற்கின்றன. ஒத்தக்கடையில் யானைமலை, தென்மேற்கில் திருப்பரங்குன்றம், மேற்கில் சமணமலையும் நாகமலையும், வடக்கில் அழகர்மலை, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு. இவற்றில் பலவும் தரையிலிருந்து இருநூறு மீட்டர் அளவே உயர்ந்தவை. கொடைக்கானலுக்கும் வெள்ளியங்கிரிக்கும் போகிறவர்கள் இவற்றை மலையேற்றக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது பெரிய இழப்பு. அரை நாள் நடையில் பாறை, நீர், பறவை, இரண்டாயிரம் ஆண்டு பழைய எழுத்து ஆகிய நான்கையும் சேர்த்துக் காட்டும் இன்னொரு நகரத்தைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது.

இந்தக் குன்றுகளின் பாறை மிகப் பழையது. புவியியலாளர்கள் ‘மதுரைத் துண்டம்’ என்று குறிக்கும் நிலப்பகுதியின் பெரும்பங்கு சார்னோகைட், நைஸ் என்னும் உருமாறிய பாறைகளால் ஆனது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவை இன்றைய உருவை அடைந்தன. மேலே இருந்த நிலமெல்லாம் மழையிலும் காற்றிலும் ஆற்றிலும் கரைந்து போன பிறகு, ஆழத்தில் கிடந்தது வெளியே வந்தது. விரிசல் மிகுந்த பகுதிகளில் நீர் புகுந்து பாறை மட்கிச் சமவெளி ஆனது. விரிசல் குறைந்த கட்டிப் பாறைகள் மட்டும் மட்காமல் குன்றுகளாக எஞ்சின. எந்தக் குன்றையும் யாரும் மேலே தள்ளவில்லை. சுற்றியிருந்த நிலம்தான் இறங்கியது.

குன்றுகள் வழுவழுப்பாக, உச்சி உருண்டு இருப்பதற்கும் காரணம் இதுவே. மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை மெல்ல விரிகிறது. விரியும்போது அதன் மேற்பரப்புக்கு இணையாக, அடுக்கடுக்காக விரிசல்கள் விழுகின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் அவற்றை மேலும் அகலப்படுத்துகின்றன. காலப்போக்கில் வெங்காயத் தோல் போலப் பாறை பட்டை பட்டையாக உரிகிறது. மேலடுக்குகள் மெல்லியவை, ஆழம் போகப் போக அடுக்குகளின் தடிப்பு கூடும். இந்த ஒரு செயலைப் புரிந்துகொண்டால் மதுரைக் குன்றுகளில் காணும் ஏறத்தாழ எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். ஒரு பட்டை பாதி உரிந்து கீழே சரிந்த இடத்தில், மேற்பட்டை கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளம். மலையைக் குடைந்த குகைகள் அல்ல இவை. இயற்கை விட்டுவைத்த தாழ்வாரங்கள். துறவியருக்காகச் செய்யப்பட்ட வேலை இரண்டே: தரையில் வழவழப்பான கற்படுக்கைகளைச் செதுக்கியது, மழைநீர் உள்ளே வழியாமல் கூரை விளிம்பில் நீளமாகக் காடி வெட்டியது. அந்தக் காடி இன்றும் வேலை செய்கிறது. மழை நாளில் போகிறவர்கள் நீர் படுக்கைக்கு முன்னாலேயே சொட்டி விழுவதைக் காணலாம்.

சுனையும் இப்படிப் பிறந்ததே. வெறும் பாறையின் பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் அது சில வாரங்களில் வற்றிவிடும். ஆனால் மேலே விழுந்த மழை பட்டைகளுக்கு இடையே உள்ள விரிசலில் இறங்கி, அடியில் விரிசல் முடியும் இடத்தில் கசிந்தால், அந்தச் சுனை கோடையிலும் வற்றாது. பாறைமேல் செங்குத்தாகத் தெரியும் கறுப்பு வரிகளும் நீரின் தடங்கள்தாம். மழைநீர் வழியும் பாதையில் மட்டும் நீலப்பச்சைப் பாசி என்னும் நுண்ணுயிர் படர்ந்து, காய்ந்தபின் கறுத்து நிற்கிறது. நடப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. வெளிர் நிறப் பாறை சொரசொரப்பானது, காய்ந்திருக்கும்போது காலை நன்றாகப் பிடிக்கும். கறுப்பு வரி ஈரமானால் வழுக்கும்.

முதல் நடைக்குச் சமணமலையே சிறந்தது. நகரின் மேற்கே, காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அருகில், கீழக்குயில்குடியில் இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறுகின்றன. அங்கே ஒரு சுனையும், அதன் மேலே பாறைமுகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே பெரிய சமணப் பள்ளி இயங்கியது. இன்னும் மேலே ஏறினால் அந்தக் காலத்துக் கோயிலின் அடித்தளம் மட்டும் தெரியும். மலையின் மறுபக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகைத்தளம். அதன் வெளியே அமர்ந்த நிலையில் பெரிய தீர்த்தங்கரர். உள்ளே வளைந்த கூரைச்சுவரில் சிங்கத்தின் மேலேறி யானைவீரனோடு போரிடும் பெண் தெய்வம். இரண்டு இடங்களையும் பார்த்து இறங்க மூன்று மணி நேரம் போதும். சிறுவர்களும் ஏறலாம். பக்கத்திலுள்ள நாகமலை நீண்ட முகடு. அங்கே முள்ளும் புதரும் அதிகம், பாதை தெளிவில்லை, உள்ளூர்த் துணையில்லாமல் போகத் தகுந்ததல்ல.

யானைமலை வேறு வகை. மேலூர்ச் சாலையில் போகும் எவருக்கும் அது படுத்த யானையாகவே தெரியும். ஏறத்தாழ ஒரே கல்லால் ஆன மலை. அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரைக் கோயில் இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-இல் அதை வெட்டுவித்தார் எனவும், அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்தார் எனவும் கல்வெட்டு கூறுகிறது. சற்றுத் தள்ளி, முருகனுக்குரிய லாடன் கோயில் என்னும் சிறிய குடைவரை. சமணச் சிற்பங்கள் உள்ள குகைத்தளம் வரை படிகள் உண்டு. அங்கே ஆயிரம் ஆண்டைக் கடந்த சாந்தும் வண்ணமும் சிற்பங்களின் மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மேலே வெறும் பாறைச் சரிவுதான். கைப்பிடி கிடையாது, நிழல் கிடையாது. பழக்கமில்லாதவர்கள் சிற்பங்களோடு திரும்பிவிடுவது நல்லது.

திருப்பரங்குன்றத்தின் அடிவாரத்தில் முருகன் கோயிலும், உச்சியில் தர்காவும், வழியில் காசி விசுவநாதர் கோயிலும், மேற்குச் சரிவில் சமணப் படுக்கைகளும் இருக்கின்றன. நடக்க எளிது, படிகள் நன்றாக உள்ளன. திருவிழா நாள்களில் கூட்டம் நிறைந்துவிடும். அமைதியாக நடக்க விரும்புவோருக்கு வார நாளின் விடியற்காலையே ஏற்றது.

மதுரையின் குன்றுவழிகளில் எல்லா வகையிலும் நிறைவானது அரிட்டாபட்டி. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் போகும் வழியில். அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலும் சேர்ந்து 193 எக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. இங்குள்ள ஏழு குன்றுகள் 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் மூன்று தடுப்பணைகளுக்கும் நீர்தரும் பிடிப்புப் பகுதி என்று அரசு அறிவிப்பு சொல்கிறது. அந்த எண்களின் பொருள் நடக்கும்போது விளங்கும். வெறும் பாறை மழைநீரைக் குடிப்பதில்லை. விழுந்ததில் பெரும்பங்கை உடனே சரிவில் உருட்டிவிடுகிறது. அதனால் சிறு மழைக்கும் அடிவாரக் கண்மாய்க்கு நீர் வந்துசேர்கிறது. குன்றைச் சுற்றிக் கண்மாய்களைத் தொடராக வெட்டிய முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஊரின் மேற்கே பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. அங்கே தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் இலகுலீசர் சிற்பத்தைக் காணலாம். கழிஞ்சமலையில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டும் கற்படுக்கைகளும், பின்னாளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும். இவற்றைவிடப் பல நடைப்பயணிகளை இங்கே இழுப்பது வானம். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் அவற்றில் அடங்கும். மூன்றும் மனிதர் எட்டாத பாறை விளிம்புகளை நாடுபவை. உரிந்த பட்டையின் ஓரம் அவற்றுக்குக் கூடு கட்டும் திண்ணை. காலை ஒன்பது மணிக்குமேல் பாறை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பத் தொடங்கும். அந்தக் காற்றில் சிறகடிக்காமலே கழுகு உயர்வதைப் பார்க்கலாம். தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் இப்பகுதியில் வாழ்கின்றன. அவை பகல் நடையில் கண்ணில் படுவது அரிது. கண்ணில் நிச்சயம் படுவது பாறை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் முதுகு செம்மஞ்சளாகவும் பக்கங்கள் கறுப்பாகவும் மாறி, வெயிலில் சுட்ட பாறைமேல் தலையாட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024-இல் முடிந்தது. அரிட்டாபட்டியும் சுற்றுவட்டார ஊர்களும் சேர்ந்து போராடின. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடிய மக்கள் காத்தது தங்கள் வயலை மட்டுமல்ல. குன்றை உடைத்தால் விரிசலில் இறங்கும் நீர் தடம் மாறும், சுனை வற்றும், கண்மாய் வற்றும். மேலூர் வட்டாரத்தில் கல்குவாரிகள் அரித்த குன்றுகளைப் பக்கத்திலேயே பார்த்தவர்கள் அவர்கள். பாறை பட்டையாகப் பிரியும் தன்மையே குவாரிக்காரருக்கும் வசதி. கீழவளவில் குகைத்தளம் உள்ள பஞ்சபாண்டவர் மலையின் அருகே குவாரிப் பள்ளங்கள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதை நேரில் காணலாம்.

மீனாட்சிபுரத்துக்கு மேலே நிற்கும் மாங்குளம் குன்று எழுத்து வரலாற்றில் தனியிடம் பெற்றது. ராபர்ட் சூவெல் 1882-இல் இங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். அவற்றின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயர் அவற்றில் வருவதை ஐராவதம் மகாதேவன் 1960-களில் எடுத்துக்காட்டி, காலத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு எனக் கணித்தார். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. நல்ல உடல்நிலை உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் குகைத்தளங்களை அடையலாம்.

அழகர்மலை மற்றவற்றைப்போல மொட்டைப் பாறையல்ல, காடு. அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை வரை மலைச்சாலை நிழலில் ஏறுகிறது. உசிலை, வெப்பாலை, கிளுவை போன்ற வறள்காட்டு மரங்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி பக்கத்தில் இல்லை. சாலையை விட்டு விலகுவது காப்புக்காட்டுக்குள் நுழைவதாகும். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால் இன்னொரு குகைத்தளம். அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் பொன் வணிகன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று மதுரைக் கடைத்தெருவே கொடையாளர் பட்டியலாக நிற்கிறது. துறவியரின் கற்படுக்கைக்குப் பணம் கொடுத்தவர்களில் உப்பும் துணியும் ஏர்க்கொழுவும் விற்றவர்கள் இருந்தார்கள் என்பது பழந்தமிழ் வணிகம் பற்றி நமக்குக் கிடைத்த மிக நேரடியான சான்றுகளில் ஒன்று. முழுநாள் நடையும் குளிரும் வேண்டுவோருக்கு வாடிப்பட்டி அருகே குட்லாடம்பட்டி அருவியும், அதற்கு மேலே ஆயிரம் மீட்டரைத் தாண்டும் சிறுமலையும் உள்ளன. வனத்துறை அனுமதிக்கும் நாள்களில் மட்டும் போக முடியும்.

பருவம் பற்றி. மதுரையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சுனை நிறைந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காற்று 40 பாகையை ஒட்டும்போது வெயில் படும் பாறை அதைவிட மிகச் சூடாகும். மேலிருந்து வெயிலும் கீழிருந்து பாறையின் அனலும் சேர்ந்து உடலைத் தாக்கும். பாறை சூட்டை விடுவதும் மெதுவாகவே, ஆகவே மாலை நடை நினைப்பதுபோலக் குளிர்ச்சியாக இராது. விடியுமுன் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்குவதே முறை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை இடியோடு வந்தால் மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாது.

பாம்பைவிட அஞ்ச வேண்டியது மலைத்தேனீ. பாறைக் கூரையின் அடியில் அகன்ற கறுப்புத் தட்டாகத் தொங்கும் கூட்டை முதலில் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை, வாசனைத் தைலம், கல்லெறிதல் மூன்றும் தேனீக்களைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு வேகமாக விலகி ஓடுவதே வழி. கையை வீசி அடிக்கக் கூடாது.

கல்வெட்டு பார்க்கவும் காலையே நல்ல நேரம். தமிழி எழுத்துகளின் வெட்டு ஆழம் குறைந்தது; உச்சி வெயிலில் நேராக ஒளி விழும்போது அவை பாறையின் சொரசொரப்போடு கலந்துவிடும். சாய்ந்து வரும் ஒளியில் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். நிழலான குகைத்தளத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். எழுத்தின்மேல் சாக்பீஸோ கரியோ பூசித் தெளிவாக்க வேண்டியதே இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அப்படிச் செய்வது 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி தண்டனைக்குரியது.