சருகுமானும் குரங்கும்

மலேசியத் தொலைக்காட்சியில் பழங்கதைகளைச் சிறுவர்க்குக் கூறும் அசைவூட்டச் சித்திரத் தொடர்களுள் ‘பாடா ஸாமான் டஹுலு’ குறிப்பிடத்தக்கது. ‘முன்னொரு காலத்தில்’ என்பது அதன் பொருள். லெஸ் கோப்பாக் நிறுவனத்தார் 2011இல் தொடங்கிய இத்தொடரில், ஆரிஸ், ஆரா என்னும் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனார் கதை சொல்கிறார்.

மலாய்க் கதைகளில் புகழ்பெற்ற சருகுமான் சாங் கஞ்சில், எண்ணிக்கை எடுப்பதாகக் கூறி முதலைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முதுகின்மேல் ஆற்றைக் கடக்கிறது. நமது பஞ்சதந்திரக் குரங்கோ, இதயத்தை மரத்திலேயே விட்டு வந்ததாகக் கூறி முதலையிடமிருந்து தப்புகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிதல் வேண்டா. எனினும், எளியார் வலியாரை மதியால் வெல்வதே இரண்டிற்கும் உயிர்நாடி. தமிழ்ப் பஞ்சதந்திரத்தை முன்ஷி அப்துல்லா 1835இல் மலாயில் பெயர்த்தமையும் நினைவுகூரத்தக்கது.

பினாங்குத் தமிழ் வகுப்புகளில் கஞ்சிலை அறிந்த பிள்ளைகள் குரங்கை அறியாதிருக்கலாம். தெரிந்ததைச் சொல்லச் செய்து தெரியாததைக் கூறுதல் நல்லாசிரியர் வழி. பிறகு, இருவர் தந்திரமும் எங்கே வேறுபடுகிறது என வினவலாம். ஒருவர் பிறரை எண்ணச் சென்றார், மற்றவர் தம் உயிரைக் காத்தார் எனப் பிள்ளைகளே கூறுவர்.

அத்தொடரில் படம் பாட்டனாரை விலக்கவில்லை, நடுவில் அமர்த்தியுள்ளது. நம் வீடுகளில் அவ்விருக்கை வெறுமையாகாதிருத்தல் வேண்டும்.