நாற்கரம்

நாற்கரம் என்பது நான்கு நேர்கோட்டுப் பக்கங்களால் அடைபட்ட தள வடிவம் ஆகும். சதுரம், செவ்வகம், சரிவகம், இணைகரம் ஆகியன இதன் வகைகள். இதன் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை.

சொற்பிறப்பு

இச்சொல் நால் + கரம் எனப் பிரியும். கரம் என்பது கையைக் குறிக்கும் வடசொல். இங்கு பக்கம் என்னும் பொருளில் வந்துள்ளது. இணைகரம் என்பதிலும் பொருள் அதுவே. இலங்கைப் பாடநூல்கள் நாற்பக்கல் என்கின்றன. இது பொருளை நேரடியாகவே உணர்த்துகிறது.

பொருள் மயக்கம்

தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் நெடுஞ்சாலை வலையமைப்பு தங்க நாற்கரம் எனப்படுகிறது. நிலப்படத்தில் இந்நகரங்கள் நான்கு முனைகளாகவும் சாலைகள் பக்கங்களாகவும் அமைவதே பெயர்க் காரணம். நெமிலிக்குத் தெற்கே காவேரிப்பாக்கம், வேலூர், ஆம்பூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூர் சாலை, சென்னை–மும்பைப் பக்கத்தின் ஒரு பகுதியாகும்.

இச்சாலை நான்கு வழிகளாக அமைக்கப்பட்டதால், நாற்கரச் சாலை என்றாலே நான்கு வழிச்சாலை எனப் பலர் கொள்கின்றனர். நாளிதழ்களும் இதற்கு விலக்கல்ல. வாலாஜாபேட்டை–கிருஷ்ணகிரிப் பகுதி ஆறு வழிகளாக அகலப்படுத்தப்பட்ட பின்னரும் தங்க நாற்கரத்தைச் சேர்ந்ததே. மாறாக, மதுரை–கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை வடக்கு–தெற்குப் பெருவழியைச் சேர்ந்தது. அது எந்த நாற்கரத்திற்கும் பக்கமன்று.