சிலுவையைச் சுமப்பது என்றால் என்ன?

பெரிய வெள்ளி நெருங்கும் நாள்களில் தேவாலயம் உள்ள எந்த ஊரிலும் சிலுவை கண்ணில் படும். குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையில் முடைந்த சிறு சிலுவையை ஏந்தி வருவார்கள். பெரிய வெள்ளியன்று இளைஞர்கள் மரச்சிலுவையைத் தோளில் தாங்கித் தேவாலய வளாகத்தைச் சுற்றி வருவார்கள். சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே விடுமுறை. தீபகற்பத்தில் உள்ளவர்கள் ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டோ, வேலையிடத்தில் சொல்லிவிட்டு முன்னதாகக் கிளம்பியோ பிற்பகல் 3 மணி வழிபாட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போவது நம் சமூகத்தில் புதிதல்ல. ஆனாலும், ‘ஆளைக் கொல்லப் பயன்பட்ட மரத்தை ஏன் கும்பிடுகிறார்கள்?’ என்று கேட்கும் உறவினர்கள் இன்றும் உண்டு. கேள்வி நியாயமானது. கிறிஸ்தவர்களே சில வேளைகளில் சிலுவையின் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டு, அதைக் கொண்டே அடுத்தவரை நோகடித்துவிடுவதும் உண்டு. ஆகவே இந்தச் சின்னம் எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எல்லாரும் அறிந்துகொள்வது நல்லது.

அவமானத்தின் மரம்

இயேசு வாழ்ந்த காலத்தில் சிலுவை என்பது ரோமானிய அரசின் தண்டனைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை அது. ரோமக் குடியுரிமை பெற்றவர்களைப் பொதுவாகச் சிலுவையில் அறையமாட்டார்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகளின் எழுச்சி முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேர் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவைகளில் தொங்கவிடப்பட்டார்கள்.

கொல்வது மட்டும் அதன் நோக்கமன்று. போகிற வருகிற எல்லாரும் பார்க்க வேண்டும், அஞ்ச வேண்டும். தண்டிக்கப்பட்டவனே குறுக்குமரத்தைச் சுமந்துகொண்டு தெரு வழியே நடக்க வேண்டும். ஆடை களையப்படும். உயிர் பிரிய மணிக்கணக்கில் ஆகும், சிலருக்கு நாள்கணக்கிலும் ஆகும். இயேசுவின் தலைக்கு மேல் மாட்டிய பலகையில் அவர் ‘யூதர்களின் அரசன்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. எல்லாரும் படித்துவிட்டுச் சிரிக்கட்டும் என்பதுதான் அதன் கருத்து.

அதனால்தான், சிலுவையில் மாண்டவரைப் பற்றிய செய்தி ஒரு சாராருக்குத் தடைக்கல்லாகவும் மற்றொரு சாராருக்கு மடமையாகவும் இருக்கிறது என்று பவுல் அடிகளார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். ரோம் நகரில் பாலத்தீன் குன்றின் சுவரொன்றில் யாரோ கிறுக்கிய ஒரு கேலிப்படம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சுமார் கி.பி. 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அந்தப் படத்தில், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் ஓர் உருவத்தை ஒருவன் வணங்குகிறான். சிலுவையில் செத்தவனைப் போய்க் கும்பிடுகிறாயே என்ற ஏளனம் அது.

சின்னமாக மாறியது எப்படி?

தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் தங்கள் நிலத்தடிக் கல்லறைகளில் மீன், நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் ஆகியவற்றைத்தான் அதிகம் வரைந்தார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம் அங்கே அரிது. அந்தத் தண்டனையை நேரில் கண்டவர்கள் அக்காலத்தில் ஏராளம்.

4ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 312இல் நடந்த போரில் வென்ற மன்னர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவளித்தார். ரோமப் பேரரசில் சிலுவைத் தண்டனையும் அந்த நூற்றாண்டில் கைவிடப்பட்டது. எருசலேமில் இயேசு மாண்டதாகக் கருதப்படும் இடத்தில் எழுப்பிய ஆலயம் 335இல் திறக்கப்பட்டது. செப்டம்பர் 14ஆம் நாள் கொண்டாடப்படும் திருச்சிலுவை விழா அந்த ஆலயத் திறப்போடு தொடர்புடையது. கண்ணெதிரே தண்டனை மறைந்த பிறகுதான் சிலுவை பொதுவிடங்களில் சின்னமாகத் தலைநிமிர்ந்தது.

தமிழரின் நாவில் அது ‘சிலுவை’ ஆனதற்கும் ஒரு வரலாறு உண்டு. ‘ஸ்லீபா’ என்ற சிரியாக் மொழிச் சொல்லே தமிழில் சிலுவை ஆயிற்று என்பர். கீழ்த்திசைக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பயன்படுத்திய மொழி அது. போர்த்துகீசியர் வந்த பிறகு அவர்களின் ‘குரூஸ்’ என்ற சொல் ‘குருசு’ என்று வழங்கலாயிற்று. கடலோர ஊர்களில் ‘குருசடி’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். சென்னை பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. வெள்ளைக்காரர் வருமுன்பே சிலுவை தமிழ் மண்ணை வந்தடைந்திருந்தது என்பதற்கு அது சான்று.

உருவம் உள்ளதும் இல்லாததும்

கத்தோலிக்கத் தேவாலயங்களில் சிலுவையில் இயேசுவின் உருவம் இருக்கும். அதைப் ‘பாடுபட்ட சுரூபம்’ என்பார்கள். மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே போன்ற சபைகளில் பெரும்பாலும் வெறுஞ்சிலுவைதான். முன்னது, கடவுள் மனிதரின் வலியை விலகி நின்று பார்க்காமல் தாமே ஏற்றார் என்பதை நினைவூட்டுகிறது. பின்னது, அவர் இப்போது சிலுவையில் இல்லை, உயிர்த்துவிட்டார் என்பதைச் சொல்கிறது. ஒன்று வெள்ளிக்கிழமையையும் மற்றது ஞாயிற்றுக்கிழமையையும் முன்னிறுத்துகின்றன. இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள்.

மேலே கேட்ட கேள்விக்கு இங்கேயே விடையும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் மரத்தை வணங்கவில்லை. அரசும் கூட்டமும் சேர்ந்து ஒருவரை எவ்வளவு கீழே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிய இடத்திலும் அன்பு தோற்கவில்லை என்பதற்கு அடையாளமாக அந்த மரத்தைப் பார்க்கிறார்கள்.

பிறப்பு முதல் கல்லறை வரை

திருமுழுக்கின்போது குழந்தையின் நெற்றியில் இடும் முதல் அடையாளம் சிலுவை. கத்தோலிக்கர் காலையில் எழும்போதும் உணவுக்கு முன்னும் பயணம் புறப்படும்போதும் நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறார்கள். நம்மவர்களின் திருமணத்தில் தாலியிலேயே சிலுவை பொறித்திருக்கும் வழக்கம் உண்டு. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் குடும்பமாகச் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுவதும் சிலுவையின் அடியில்தான்.

தவக்காலத்தின் முதல் நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘விபூதிப் புதன்’ என்றும் சொல்வார்கள். சென்ற ஆண்டு குருத்தோலைகளை எரித்த சாம்பலால் குருவானவர் நெற்றியில் சிலுவை வரைவார். உடம்பு மண்ணுக்குத் திரும்பும் என்ற நினைவு அதில் இருக்கிறது. திருநீற்றின் பொருளறிந்த இந்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழுத்தில் சிலுவை அணிவதைப் பற்றியும் ஒரு சொல். காத்து கருப்பு அண்டாது என்று தாயத்தைப்போல் அதைக் கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காக அணிபவர்களும் இருக்கிறார்கள். திருச்சபை சொல்வது வேறு. உலோகத்துக்கு மந்திர சக்தி இல்லை. அதை அணிந்தவர் யார் வழியில் நடக்க விரும்புகிறார் என்பதைக் காட்டும் அடையாளம்தான் அது.

பதினான்கு நிலைகள்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கத் தேவாலயங்களில் சிலுவைப் பாதை நடைபெறும். இயேசு தீர்ப்பிடப்பட்டது முதல் அடக்கம் செய்யப்பட்டது வரை 14 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் நின்று செபிப்பார்கள். மற்றச் சபைகள் சிலவற்றில் பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள்.

அந்த 14 நிலைகளை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும். மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் இயேசு கீழே விழுகிறார். நான்காம் நிலையில் தாய் எதிரே வருகிறார். ஐந்தாம் நிலையில் சிரேனே ஊரைச் சேர்ந்த சீமோன் சிலுவையைச் சுமக்கிறார். ஆறாம் நிலையில், மரபு வழியாக வரும் கதையின்படி, வெரோனிக்கா என்ற பெண் இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். சீமோன் சீடர் அல்லர். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கர். படைவீரர்கள் அவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது. இயேசுவே தம் சிலுவையைத் தனியாகச் சுமந்து முடிக்கவில்லை.

‘அது உன் சிலுவை’

இதை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது? குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் அழுதுகொண்டே சொல்லும்போது, ‘அது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவைம்மா, பொறுமையா சுமந்துக்கோ’ என்று ஆறுதல் கூறும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து லயங்களிலும் சொன்னார்கள், இன்று அடுக்குமாடி வீடுகளிலும் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அவளை மறுபடியும் அதே அடிக்குள் அனுப்பிவிடுகிறது. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை.

‘அனுதினமும் சிலுவையைச் சுமந்து’ தம்மைப் பின்பற்றுமாறு இயேசு அழைத்ததை லூக்கா நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அது விருப்பமுள்ளவர்களுக்கு விடுத்த அழைப்பு. அவர் பக்கம் நின்றால் கேலியும் இழப்பும் தண்டனையும் வரலாம், அந்த விலையைக் கொடுக்கத் தயாரா என்பதே அதன் பொருள். இன்னொருவன் கை ஓங்குவதைத் தாங்கிக்கொள் என்ற பொருள் அதில் இல்லை. நோயாளிகள் பலர் இயேசுவிடம் வந்தார்கள். ஒருவரிடமாவது, ‘இது உன் சிலுவை, சுமந்துகொள்’ என்று அவர் சொன்னதாக நான்கு நற்செய்திகளிலும் இல்லை. அவர் குணமாக்கினார். பசித்தவர்களுக்கு உணவளித்தார்.

தமக்கு எதிரான வன்முறையையும் அவர் எப்போதும் பேசாமல் ஏற்கவில்லை. நாசரேத்தில் மலை உச்சியிலிருந்து தள்ளிவிட முயன்றபோது கூட்டத்தின் நடுவே கடந்து போய்விட்டார். ஆலயத்தில் கல்லெறிய வந்தபோது மறைந்து வெளியேறினார். விசாரணையின்போது கன்னத்தில் அறைந்த காவலனிடம், ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார். கெத்சமனித் தோட்டத்தில், இந்தத் துன்பம் தம்மைவிட்டு அகலக் கூடுமானால் அகலட்டும் என்றுதான் முதலில் வேண்டினார். வலியை விரும்பித் தேடியவர் அல்லர் அவர்.

மன்னிப்பைப் பற்றியும் இங்கே குழப்பம் வருகிறது. சிலுவையில் தொங்கியபடியே இயேசு மன்னித்தார், உண்மைதான். மனத்திலுள்ள பகையை இறக்கி வைப்பது மன்னிப்பு. அடிப்பவனின் கைக்கெட்டும் தூரத்தில் போய் மறுபடி நிற்பது மன்னிப்பு ஆகாது. புகார் செய்வதும் மன்னிப்புக்கு எதிரானதன்று.

அப்படியானால் சிலுவை எது?

படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டும் மகனின் முதுகுவலி சிலுவை. பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததால் பதவி உயர்வை இழந்தவரின் இழப்பு சிலுவை. சொத்துத் தகராறில் தம்பிக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்தவரின் விட்டுக்கொடுத்தல் சிலுவை. இவற்றில் எல்லாம் ஒருவர் அன்புக்காகவோ உண்மைக்காகவோ தாமே முன்வந்து ஒரு விலையைக் கொடுக்கிறார். அவரால் இன்னொருவர் வாழ்கிறார்.

அடி வாங்கும் பெண்ணின் கதையில் சிலுவை அவளுடையதன்று. அவளைச் சுற்றியிருக்கிறவர்களுடையது. நள்ளிரவில் கதவைத் திறந்து அவளையும் பிள்ளைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்வது, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் கூடவே போவது, ‘குடும்ப விஷயத்தில் தலையிடுகிறாயே’ என்ற ஏச்சைப் பொறுத்துக்கொள்வது. இவையெல்லாம் சுமைதான். சீமோன் சுமந்த சுமை.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இத்தகைய பெண்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். சிங்கப்பூரில் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் இரு நாடுகளிலும் 999.

பெரிய வெள்ளியன்று பிற்பகலில் மக்கள் வரிசையாகச் சென்று சிலுவையை முத்தமிடுவார்கள். சீமோன் அன்று சுமந்தது கொஞ்ச தூரம்தான். ஆனாலும் அவருடைய பெயரையும் ஊரையும், அலெக்சந்தர், ரூபு என்ற அவருடைய இரு மகன்களின் பெயர்களையும்கூட மாற்கு எழுதி வைத்திருக்கிறார். அடுத்தவரின் பாரத்துக்குத் தோள் கொடுத்தவரைத் திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக மறக்கவில்லை.