உங்களுக்குத் தெரியுமா? மானுக்கும் ரைபிளுக்கும் நடுவே 300 கெஜம்

● எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும், குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே குண்டு குழலின் கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்க மான் வேட்டையில் பேர்போன .270 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1925இல் வந்தது. அதன் 130 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு 3,000 அடிக்கு மேல் போகும். 300 கெஜத்தைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு நொடி போதும். அந்த நேரத்துக்குள் குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 20 அங்குலம் இறங்கிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ எட்டு, ஒன்பது அங்குலம்தான். குறி கொஞ்சம் பிசகினாலும் மான் உடனே சாகாது. கால் ஒடிந்தோ வயிறு கிழிந்தோ புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். தூரத்துக்கு ஏற்பக் குறியைத் திருத்தும் கணக்கெல்லாம் அந்த வதையைத் தவிர்க்கத்தான்.

● குண்டு குழலை விட்டதும் தானாகவே மேலே எழும்பிப் பிறகு இறங்கும் என்று பல வேட்டைக்காரர்களே நம்புகிறார்கள். அது சரியல்ல. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், குழலுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் வழியே மானை நேராகப் பார்க்கும்போது, குழலின் வாய் மயிரிழை அளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் குண்டு நம் பார்வைக் கோட்டைக் கீழிருந்து மேலாக ஒருமுறையும், மேலிருந்து கீழாக இன்னொரு முறையும் கடக்கிறது. குழலின் கோட்டுக்கு மேலே அது ஒருபோதும் போவதில்லை.

● குண்டின் பாதையைப் பற்றிய ஆராய்ச்சி இன்றைய வேட்டை ரைபிளைவிடப் பழையது. இத்தாலியின் தார்த்தாலியா 1537இலேயே பீரங்கிக் குண்டின் பாதையைப் பற்றி நூல் எழுதினார். அந்தப் பாதை ஒரு பரவளையம் என்று கலிலியோ 1638இல் வெளியான நூலில் காட்டினார். ஆனால் அந்தக் கணக்கில் காற்றின் தடை இல்லை. இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வேறு வழி கண்டார். கனமான ஊசலைத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தை அளந்தார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. பெரிய கணிதமேதை ஆய்லரே அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். இன்று வேட்டைக்காரர்கள் கைபேசியில் பார்க்கும் குண்டுப் பாதை அட்டவணைக்கு முன்னோடி ராபின்ஸ்தான் என்பேன்.

● ஸ்கோப்பின் தலையில் ஒரு சிறு திருகு இருக்கும். திருப்பினால் ‘கிளிக், கிளிக்’ என்று விரலுக்கே தட்டுப்படும். பெரும்பாலான அமெரிக்க ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கில் கால் பங்கு. 100 கெஜத்தில் அது குண்டு படும் இடத்தைக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் நகர்த்தும். 300 கெஜத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். மேலே சொன்ன .270 ரைபிளை 200 கெஜத்தில் சரியாகப் படும்படி ‘ஜீரோ’ செய்துவிட்டால், 300 கெஜத்தில் குண்டு ஆறரை அங்குலம் தாழப் படும். 8 கிளிக் ஏற்றினால் சரியாகிவிடும். 400 கெஜத்தில் 19 அங்குலம் தாழும். 18 கிளிக் வேண்டும். 500 கெஜத்தில் மூன்று அடிக்கு மேல் தாழும். இந்த எண்களைச் சிறு தாளில் எழுதி ரைபிளின் கட்டையிலேயே ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம். ஆனால் அட்டவணை சொல்வதைத் தன் துப்பாக்கியிலும் தன் தோட்டாவிலும் சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது.

● திருகைத் தொடாமலேயே சமாளிக்கவும் வழி உண்டு. ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் பல்லாண்டுகள் துப்பாக்கிப் பகுதியை எழுதிய ஜாக் ஓ’கானர், .270 ரைபிளை 100 கெஜத்தில் 3 அங்குலம் உயரப் படும்படி வைத்துக்கொள்வதை ஆதரித்தவர். அப்படி வைத்தால் 300 கெஜம் வரை மார்பின் நடுவைக் குறிபார்த்தாலே போதும். குண்டு சில அங்குலம் மேலோ கீழோ விலகினாலும் உயிர்நிலையைத் தாண்டாது.

● 400 கெஜத்தில் நிற்கும் மானை 350 கெஜம் என்று தப்பாகக் கணித்தால், குண்டு ஐந்து அங்குலத்துக்கு மேலேயே தாழப் படும். சமவெளியில் வெறும் கண்ணுக்கு இந்தத் தவறு மிக எளிதாக நேரும். லேசர் தூரமானி வந்த பிறகு அதற்குச் சாக்கே இல்லை.

● தூரத்தை அளந்துவிடலாம். காற்றை அளப்பதுதான் கடினம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அந்த .270 குண்டை 100 கெஜத்தில் ஓர் அங்குலம்கூடத் தள்ளாது. 300 கெஜத்திலோ ஆறு, ஏழு அங்குலம் தள்ளிவிடும். தூரம் மும்மடங்கு, விலகல் ஒன்பது மடங்கை நெருங்குகிறது. அதுவும் சுடுபவர் இருக்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவிலுள்ள பள்ளத்தில் வேறொரு காற்று, மான் நிற்கும் மேட்டில் இன்னொன்று. புல் சாய்வதையும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்தான் தூரத்திலிருந்து சுடத் தகுந்தவர்.

● மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், திருத்தாவிட்டால் குண்டு உயரத்தான் படும். புவியீர்ப்புக் கணக்கில் கிடைமட்டத் தூரத்துக்குத்தான் மதிப்பு. 30 பாகைச் சரிவில் 300 கெஜம் என்றால், 260 கெஜத்துக்கு உரிய திருத்தம் போதும்.

● 300 கெஜத்தில் குண்டு சத்தத்தை முந்திவிடும். வெடியோசை அங்கே போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். ஆனால் குண்டு வந்து சேர்வதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால் எந்தத் திருத்தமும் பயன்படாது.

● தூரத்துக்குச் சட்டமே வேலி போட்ட இடங்களும் உண்டு. அமெரிக்காவில் ஊர்கள் நெருங்கிய ஒஹையோ மாநிலத்தில் வெகுகாலம் மானைச் சுட ஷாட்கன்தான் முக்கியத் துப்பாக்கி. 2014 முதல் ரைபிளை அனுமதித்தபோதும், அவ்வளவு நெடுந்தூரம் போகாத, கழுத்து குறுகாத ‘நேர்ச்சுவர்’ தோட்டா வகைகளை மட்டுமே அனுமதித்தார்கள். இந்தியாவிலோ மான் வேட்டையே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம்.

● அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வெள்ளைவால் மானைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் சுடுகிறார்கள். அங்கே கிளிக்கும் அட்டவணையும் தேவைப்படுவதே அபூர்வம். மேற்கின் திறந்தவெளிகளில் அப்படியல்ல. ஆனாலும் மறைந்து, காற்றுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து 100 கெஜத்துக்குள் நெருங்க முடியுமானால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். 300 கெஜத்தில் பத்துக் குண்டில் பத்தையும் மானின் உயிர்நிலை அளவுள்ள தட்டுக்குள் போடத் தெரியாதவர் அந்தத் தூரத்தில் உயிருள்ள மானைக் குறிபார்க்கவே கூடாது. சுட்டபின் நடந்துபோய், இரத்தத் துளிகளைத் தொடர்ந்து, விழுந்த மானைக் கண்டெடுப்பதும் வேட்டைக்காரரின் பொறுப்பு. பல அமெரிக்க மாநிலங்களில், சுட்ட விலங்கைத் தேடாமல் விட்டுப்போவது அபராதத்துக்குரிய குற்றம்.